அளவுகோல் யார் கையில்?

(மகிழுந்துகளின் அளவு வகைப்பாடு பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகிழுந்தைப் பற்றித் தமிழியக்க மேடையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். மொழி காக்கும் பணி எங்கே, இரும்புத் தகட்டால் ஆன ஊர்தி எங்கே என்று அவர்கள் கேட்கக்கூடும். இரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு பொருளை அளப்பது, அளந்ததை வகைப்படுத்துவது, வகைப்படுத்தியதற்குப் பெயரிடுவது ஆகிய மூன்றும் ஆளுவோர் செய்யும் செயல்கள். ஆளப்படுவோர் செய்யும் செயல்கள் அல்ல. வென்றவன் முதலில் நாட்டுவது தன் கொடியை. அடுத்து நாட்டுவது தன் அளவுகோலை.

தமிழன் ஆண்ட காலத்தில் இந்த உண்மையை நன்கறிந்திருந்தான். அளவுப்பெயர்களும் நிறைப்பெயர்களும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே கணக்கிட்டுக் கூறினார். அத்துணைச் சொற்கள் அக்காலத்தே வழங்கின என்பதற்கு அதுவே சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். கோலும் தமிழனுடையது, கோலின் பெயரும் தமிழ். இன்று தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்த் தொழிலாளரின் கையால் ஆக்கப்படும் மகிழுந்தைச் சிறியதென்றும் பெரியதென்றும் அளந்து சொல்லும் கோல் யாருடையது? அந்தச் சிறுமைக்கும் பெருமைக்கும் இட்ட பெயர் எந்த மொழியினது? இவ்விரண்டு வினாக்களுமே இவ்வுரையின் பொருள்.

அளவு ஒன்றன்று

ஓட்டுநரை நீக்கி எட்டு இருக்கைக்கு மேற்படாமல், ஆட்களை ஏற்றிச் செல்லவென்றே அமைந்த நான்கு உருளிகளையுடைய ஊர்தியை மகிழுந்து என்று உலக நாடுகளின் ஊர்திச் சட்டங்கள் வரையறுக்கின்றன. அதுவரையில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குமேல் அவற்றைச் சிறியது, நடுத்தரமானது, பெரியது என்று பிரிக்கப் புகும்போதுதான் நாட்டுக்கு நாடு கோல் மாறுகிறது. ஒரு நாடு நீளத்தை அளக்கிறது. ஒரு நாடு பொறியின் கொள்ளளவை அளக்கிறது. ஒரு நாடு உள்ளே உள்ள வெற்றிடத்தை அளக்கிறது. வேறு சில இடங்களில் எடையோ விலையோ கோலாகிறது. ஓரிடத்தில் பெரியதாக எண்ணப்படும் மகிழுந்து மற்றோரிடத்தில் சிறியதாக எண்ணப்படும். ஆதலின், மகிழுந்தின் அளவு வகை என்பது மாவிலைக்கும் வேப்பிலைக்கும் உள்ள வேறுபாடு போல் இயற்கையில் அமைந்ததன்று. அது சட்டம் எழுதுவோர் கிழித்த கோடு. கோடு கிழித்தவர் யார், எதற்காகக் கிழித்தார், அக்கோட்டால் யார் வளைந்தார் என்று பார்ப்பதே அறிவுடைமை.

வரி வளைத்த பொறி

முதற்கண் ஆங்கில நாட்டைப் பார்ப்போம். அங்கே 1921 ஆம் ஆண்டு முதல் மகிழுந்தின் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுன் என்று ஆண்டுவரி தண்டப்பட்டது. ஆனால் அந்தக் குதிரைத்திறன் பொறியின் மெய்யான ஆற்றல் அன்று. ஏட்டில் போட்ட கணக்கு. எரிநெய் எரியும் உருளையின் வாயகலத்தை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, உருளைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுத்தால் வருவதே அக்குதிரைத்திறன். உருளைக்குள் உலக்கை எவ்வளவு நீளம் ஏறி இறங்குகிறது என்பது அக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

விளைவு என்ன? ஆங்கிலப் பொறியாளர் வாயகலத்தைக் குறைத்தனர். உலக்கையின் வீச்சை நீட்டினர். ஒல்லியான, நெட்டையான உருளைகளைக் கொண்ட பொறிகள் அந்நாட்டில் பெருகின. அமெரிக்கரான போர்டு ஆக்கிய 'டி' மகிழுந்து அக்கணக்கில் 22 குதிரைத்திறன் உடையதாயிற்று. அதற்குரிய வரி மிகுந்தது. 1922 இல் வெளிவந்த ஆசுட்டின் மகிழுந்துக்கோ '7' என்பதே பெயராயிற்று. வரிக்கணக்கில் வந்த எண் வண்டியின் பெயராகவே ஆயிற்று என்பதைக் கருதுக! இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1947 இல் அவ்வரிமுறை கைவிடப்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் ஒரு நாட்டின் பொறிக்கலையை வளைத்து வைத்தது அறிவியலன்று, ஒரு வாய்பாடு.

பிரான்சு நாட்டிலும் இத்தகைய வரிக்குதிரைகள் இருந்தன. 1948 இல் பாரிசுக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டு, 1990 வரை ஆக்கப்பட்ட சித்துரோவன் நிறுவனத்தின் புகழ்பெற்ற சிறிய மகிழுந்துக்கு 'இருகுதிரை' என்று பெயர். அவ்விரண்டு குதிரைகளும் வரிக்கணக்கின் குதிரைகளே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரர் தம் உழவர்க்கென ஆக்கிய வண்டிக்குத் தம் மொழியிலேயே பெயரிட்டு அழைத்தனர். அப்பெயரை உலகமே பிரெஞ்சிலேயே சொல்லிற்று.

சப்பான் கிழித்த கோடு

கோடு கிழிப்பதால் கேடு மட்டுமே விளையும் என்று கருதிவிட வேண்டா. தன் மக்களின் தேவை அறிந்து தானே கிழித்துக்கொண்ட கோட்டால் ஒரு நாடு எழுந்து நின்ற வரலாறும் உண்டு. அது சப்பானின் வரலாறு.

போரில் தோற்று, நகரங்கள் எரிந்து, மக்கள் கையில் பணமின்றிக் கிடந்த 1949 ஆம் ஆண்டில் சப்பானிய அரசு ஒரு சிறுவகை ஊர்தியைச் சட்டத்தால் உண்டாக்கிற்று. நீளம் 2.8 மீட்டர், அகலம் 1 மீட்டர், பொறியின் கொள்ளளவு 150 கன செ.மீ. என்பனவே அதன் மேல்வரம்புகள். அவ்வளவு சிறிய அளவில் மகிழுந்து ஆக்குதல் அரிதென்று கண்டபோது வரம்பைப் படிப்படியாக உயர்த்தினர். 1955 இல் கொள்ளளவு 360 கன செ.மீ. என்று நிலைபெற்றது. சுசுக்கி நிறுவனத்தின் சுசுலைட்டு அவ்வாண்டிலேயே வந்தது. 1958 இல் சுபாரு 360 வந்தது. பிறகு 1976 இல் 550 கன செ.மீ., 1990 இல் 660 கன செ.மீ. என்று கொள்ளளவு வரம்பு உயர்ந்தது. 1998 முதல் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்பனவே வரம்புகள்.

இவ்வகை ஊர்திக்கு வரி குறைவு. ஊர்ப்புறங்கள் பலவற்றில், வண்டி நிறுத்த இடமுண்டு என்று சான்று காட்டும் கட்டாயமும் இல்லை. மக்கள் கண்டவுடன் அறியுமாறு தனியார் வண்டிகட்கு மஞ்சள் நிற எண்பலகை. சப்பானில் விற்கும் புதிய மகிழுந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகையினதே. ஒடுங்கிய தெருக்களும் மலைச்சரிவில் வயல்களும் உள்ள நாடு தன் தெருவை அளந்து தன் வண்டியை அளந்தது.

பெயரைப் பார்க்க. அவ்வகைக்கு அவர்கள் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'நொய்ய', 'தானே', 'இயங்கும்', 'வண்டி' என்று ஆகும். நொய்ய என்றால் எடை குறைந்த என்று பொருள். தானியங்கு வண்டி என்னும் பகுதி தமிழில் வழங்கும் தானுந்து என்னும் சொல்லின் அமைப்பை ஒத்ததே. சுருக்கமாகக் கெய் என்பர். இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள மகிழுந்து ஆர்வலர் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் கெய் என்றே வழங்குகின்றனர். தானே அளந்து தானே பெயரிட்டவன் சொல் பிறர் வாயிலும் ஏறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கெய் வகைக்கு மேலே மற்றொரு கோடும் சப்பானில் உண்டு. நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், உயரம் 2 மீட்டர், பெட்ரோல் பொறியாயின் கொள்ளளவு 2000 கன செ.மீ. என்னும் வரம்புகளுக்கு உட்பட்டவை ஒரு வகை; இவற்றுள் ஒன்றைத் தாண்டினாலும் அது அடுத்த வகை. முற்காலத்தில் அடுத்த வகைக்கு வரி மிக அதிகம். அதனால் ஓரங்குலமும் அகலம் மிகாமல் ஒடுக்கமான மகிழுந்துகளையே அந்நாட்டார் ஆக்கி வந்தனர். 1989 இல் வரிமுறை மாறி, உடலளவுக்கு இருந்த தனிவரி நீங்கியது. நீங்கியதும் அகன்ற மகிழுந்துகள் அங்கே பெருகலாயின. தொழிலகம் கோட்டின் நிழலில் நடக்கிறது என்பதை இது நன்கு காட்டுகிறது.

அமெரிக்கனின் உள்ளறை

அமெரிக்க நாட்டில் எரிநெய்ச் செலவைக் கணக்கிடும் சுற்றுச்சூழல் காப்பு முகமை, மகிழுந்தை வெளியே அளப்பதில்லை, உள்ளே அளக்கிறது. ஆட்கள் அமரும் இடத்தையும் பெட்டி படுக்கை வைக்கும் இடத்தையும் கூட்டிக் கன அடியில் கணக்கிடுகிறது. 85 கன அடிக்குக் குறைந்தது மிகச் சிறியது. 100 வரை சிறியது. 110 வரை செறிவானது. 120 வரை நடுத்தரம். 120ம் அதற்கு மேலும் பெரியது. இருவர் மட்டும் அமரும் வண்டிகள் தனிவகை.

இக்கோல் விந்தையான முடிவுகளைத் தரும். முகப்பு நீண்டு, விலை வானளாவி, உள்ளே இருவர்க்கு மேல் கால் நீட்ட முடியாத வண்டி சிறியது என்னும் வகைக்குள் போய் விழும். 2008 ஆம் ஆண்டு வகையான ஓண்டா அக்கார்டு, நடுத்தர வண்டிகளோடு போட்டியிட்டு விற்கப்பட்டதெனினும் உள்ளிடம் மிகுந்ததால் பெரியது என்று பதிவாயிற்று.

இதனினும் விந்தை மற்றொன்று. அந்நாட்டில் எரிநெய்ச் சிக்கனச் சட்டம் மகிழுந்துக்கு ஓரளவும் எளிய சரக்குந்துக்கு வேறோர் அளவும் வைத்துள்ளது. சரக்குந்துக்கான வரையறை தளர்வானது. கிறைசுலர் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பீட்டி குரூசர் என்னும் வண்டியை வெளியிட்டது. பார்த்தால் மகிழுந்து, ஓட்டினால் மகிழுந்து. ஆனால் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டால் தளம் சமமாகிப் பொருள் ஏற்றலாம் என்னும் அமைப்பால், அச்சட்டத்தின் கண்ணில் அது சரக்குந்து! அந்நிறுவனத்தின் சரக்குந்துகளின் சிக்கன அளவைக் கூட்டிக் காட்ட அது பயன்பட்டது. சட்டத்தின் சொல் எவ்வளவு நெகிழ்கிறதோ அவ்வளவுக்கு வாணிகம் அதற்குள் நுழையும்.

ஐரோப்பாவின் எழுத்துகள்

ஐரோப்பிய ஆணையம், நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போது வாணிகத்தை ஆராய்வதற்காக மகிழுந்துகளை எழுத்துகளால் பிரிக்கிறது. 'ஏ' மிகச் சிறியது, 'பி' சிறியது, 'சி' நடுத்தரம், 'டி' பெரியது. அதற்கு மேல் 'ஈ', 'எஃப்' என்று உயரும். இவற்றுக்குத் திட்டமான மில்லிமீட்டர் எல்லை இல்லை. அளவோடு விலையும் மதிப்பும் கலந்தே வகை அமைகிறது என்று அவ்வாணையமே ஒப்புகிறது.

செருமானியரோ தம் அரசின் ஊர்திப் பதிவேட்டில், சிறுவண்டி, செறிவகுப்பு, இடைவகுப்பு, மேலிடைவகுப்பு, மேல்வகுப்பு என்று பொருள்படும் சொற்களைத் தம் மொழியில் ஆண்டு வருகின்றனர். அவர்கள் பட்டியலிலும் சில ஆங்கிலப் பெயர்கள் அண்மையில் புகுந்துள்ளன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பெருந்தொழில் வளம் படைத்த நாட்டிலும் காவல் தளர்ந்தால் வேற்றுச்சொல் புகும் என்பதற்கு அது எச்சரிக்கை.

வகைப்பெயர் நிலைத்து நிற்க, வண்டியோ வளர்ந்துகொண்டே போவதும் உண்டு. வோக்சுவாகன் நிறுவனத்தின் கோல்பு 1974 இல் பிறந்தபோது ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளம். 2019 இல் வந்த எட்டாம் தலைமுறை 4.28 மீட்டர். அதன் தம்பியான போலோ 1975 இல் 3.5 மீட்டர். 2017 இல் வந்த அதன் ஆறாம் தலைமுறை 4 மீட்டரைத் தாண்டிவிட்டது. இற்றைத் தம்பி அற்றை அண்ணனைவிட நெடியவன்! ஆயினும் அண்ணன் இன்றும் நடுத்தரம். தம்பி இன்றும் சிறியது. எண்ணில்லாத பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதை இதனால் உணரலாம்.

நான்கு மீட்டர்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையைச் சூழ்ந்த நிலம் இன்று மகிழுந்து விளையும் நிலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உண்டாய் தொழிலகம் மகிழுந்து ஆக்கி வருகிறது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிசான் மகிழுந்துகள் ஆக்கப்பட்டு வருகின்றன. நெல்லும் ஏரியும் இருந்த இடத்தில் பட்டறைகள் எழுந்தன. வேலை தமிழனது, வியர்வை தமிழனது, நிலமும் நீரும் தமிழனவை. கோடு மட்டும் தில்லியினது.

2006 ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் நடுவணரசின் வரவு செலவுத் திட்டம் ஒரு புதுக் கோட்டைக் கிழித்தது. நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் பொறியாயின் 1200 கன செ.மீ., டீசல் பொறியாயின் 1500 கன செ.மீ. என்னும் அளவுக்கு மேற்படாமலும் உள்ள மகிழுந்துகளுக்கு ஆயத்தீர்வை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனை அறிவித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம் தமிழரே. எழுதிய கை தமிழனுடையதாயினும் எழுதுகோல் தில்லியினது என்பதுதான் அதில் அறியத்தக்கது.

அக்கோடு என்ன செய்தது? இரும்பையே வெட்டியது. பின்பேழையுடைய மகிழுந்துகள் இயல்பாக 4 மீட்டருக்கு மேற்பட்டவை. அவற்றின் வாலைக் குறைத்து வரம்புக்குள் கொண்டுவர நிறுவனங்கள் முனைந்தன. 2008 இல் டாட்டா நிறுவனம் அவ்வகையில் முதல் வண்டியை வெளியிட்டது. மாருதியின் டிசையர் 2008 இல் பிறந்தபோது 4160 மில்லிமீட்டர். 2012 இல் மறுபிறவி எடுத்தபோது 3995 மில்லிமீட்டர். பதினாறரை செண்டிமீட்டரை அறுத்து எறிந்தது எந்தப் பொறியியல் தேவை? எந்த அழகியல் தேவை? ஒன்றுமில்லை, வரியே அறுத்தது.

இந்நிலத்தில் நடந்ததையும் காண்க. மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2013 முதல் ஈக்கோசுபோர்ட் என்னும் மகிழுந்தை ஆக்கியது. இந்நாட்டு விற்பனைக்கு அதன் நீளம் 4 மீட்டருக்குள் அடக்கப்பட்டது. அதே தொழிலகத்திலிருந்து அமெரிக்கச் சந்தைக்கு 2018 இல் சென்ற அதே வண்டி 4 மீட்டரைக் கடந்த நீளமுடையது. ஊரும் ஒன்று, உழைத்த கைகளும் ஒன்று, வண்டி மட்டும் இரண்டு நீளம். அமெரிக்கனுக்கு 4 மீட்டர்க் கோடு இல்லை. ஆகவே அவனுக்குச் சென்ற வண்டியை நறுக்க வேண்டியதில்லை. அந்நிறுவனம் 2021 இல் இந்நாட்டில் மகிழுந்து ஆக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் வேலையிழந்த தொழிலாளர் கோடு கிழித்தவர்களும் அல்லர். கோட்டை அழிக்கக் கூடியவர்களும் அல்லர்.

2017 சூலைத் திங்களில் சரக்கு–பணி வரி வந்தது. அதற்கு முன் விற்பனை வரி விதிக்கும் உரிமை மாநிலத்திடம் இருந்தது. அவ்வுரிமை பொதுமன்றம் ஒன்றுக்குப் போயிற்று. அம்மன்றத்தில் நடுவணரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே, மாநிலங்கள் அனைத்தும் ஒருமுகமாய் நின்றாலும் நடுவணரசு இசையாமல் ஒரு கோட்டையும் மாற்றவியலாது. மகிழுந்தை ஆக்கும் தமிழ்நாட்டுக்கும், ஒரு மகிழுந்தும் ஆக்காத மாநிலத்துக்கும் அங்கே ஒரே அளவு வாக்கு. நூற்றில் ஏறத்தாழ இரண்டு!

புதிய வரியிலும் 4 மீட்டர்க் கோடு அப்படியே நின்றது. கோட்டுக்குள் இருந்த சிறிய பெட்ரோல் மகிழுந்துக்கு மேல்வரியோடு 29 விழுக்காடு. கோட்டைக் கடந்தவற்றுக்கு 45 முதல் 50 விழுக்காடு வரை. 2025 செப்டம்பர் 22 முதல் அம்மேல்வரி நீங்கி, கோட்டுக்குள் 18, கோட்டுக்கு வெளியே 40 என்று இரு வகையாயிற்று. மின்கலத்தால் ஓடும் மகிழுந்துக்கோ எந்நீளமாயினும் 5 விழுக்காடே. நீளம் குற்றமெனின் மின்வண்டியின் நீளம் மட்டும் குற்றமாகாதது எப்படி? கோடு இயற்கையன்று என்பதற்கு அவர்கள் சட்டமே சான்று.

இக்கோட்டால் நன்மையே இல்லை என்று சொல்வது முறையன்று. சிறிய மகிழுந்து எளிய குடும்பத்துக்கு எட்டியது. இருங்காட்டுக்கோட்டையில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்தது. கேள்வி கோடு நல்லதா தீயதா என்பதன்று. அது உழைப்போரைக் கேட்டுக் கிழிக்கப்பட்டதா என்பதே கேள்வி. சப்பானியன் தன் தெருவை அளந்து கோடு கிழித்தான். திருவல்லிக்கேணித் தெருவையும் தேனி மலைப்பாதையையும் அளந்தவர் யார்?

சட்டம் கேட்ட பெயர்

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பார்க்கு விடை அச்சட்டத்திலேயே இருக்கிறது. மேற்சொன்ன மேல்வரியில் 22 விழுக்காடு என்னும் உச்ச அளவு ஒரு வகைக்கு மட்டும் விதிக்கப்பட்டது. அவ்வகை எது? பொறி 1500 கன செ.மீ.க்கு மேற்பட்டு, நீளம் 4000 மில்லிமீட்டரைக் கடந்து, தரையிலிருந்து அடித்தளம் 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்பதோடு, மக்கள் வழக்கில் இன்ன ஆங்கிலப் பெயரால் அறியப்படுவதாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. மக்கள் வழக்கில்! எந்த மக்கள்? எந்த மொழியின் வழக்கு? மதுரைச் சந்தையில் நிற்கும் மக்கள் அவ்வண்டியை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்று யாரேனும் வந்து கேட்டதுண்டா? ஒரு பெயர் இருந்தால் ஒரு வரி. அப்பெயர் இல்லையேல் வேறு வரி. வழக்குகளும் ஐயங்களும் எழுந்த பின், 2023 சூலையில் கூடிய மன்றம், எப்பெயரால் அழைக்கப்படினும் அளவு பொருந்தினால் போதும் என்றும், தரையுயரத்தை ஆளும் பொருளும் ஏறாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது.

பெயர் வெறும் ஒலியன்று, அது காசு என்பதை இவ்வரிச்சட்டம் ஆறாண்டுக் காலம் மெய்ப்பித்தது. தமிழில் என்ன பெயரிட்டால் என்ன என்று கேட்கும் மேதாவிகள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழில் வகைப்பெயர்

இந்திய ஊர்தி ஆக்குநர் கழகம் முன்னர் நீளத்தை வைத்து மகிழுந்துகளை ஆறாகப் பிரித்திருந்தது. 3400 மில்லிமீட்டர் வரை முதல்வகை. 4000 வரை இரண்டாவது. 4500 வரை மூன்றாவது. 4700 வரை நான்காவது. 5000 வரை ஐந்தாவது. அதற்கு மேல் ஆறாவது. எண்கள் தெளிவாக உள்ளன. ஆனால் அவற்றுக்கு இட்ட ஆங்கிலப் பெயர்களைப் பொருளறிந்து நோக்குக. முதல் மூன்றின் பெயர்கள் சிறியது, செறிவானது, நடுவளவானது என்று அளவைப் பேசுகின்றன. மேல் மூன்றின் பெயர்களோ மேலலுவலர்க்குரியது, உயர்விலையது, பகட்டானது என்று பொருள்படுகின்றன. கீழே நிற்பவனுக்கு மில்லிமீட்டர். மேலே நிற்பவனுக்குப் பெருமிதம்! அளவைக் குறிக்க வேண்டிய சொல் அங்கே செல்வத்தைக் குறிக்கிறது. வண்டியை வகுக்கப் புகுந்தவர்கள் மாந்தரை வகுத்துவிட்டனர்.

தமிழில் இக்குறை இன்றியே பெயரிடலாம். உந்து என்னும் வேரிலிருந்து பேருந்து, சரக்குந்து, தானுந்து, மகிழுந்து என்று சொற்கள் கிளைத்துவிட்டன. பேருந்து பலர் செல்லும் வண்டிக்கும், சிற்றுந்து சிறிய பேருந்துக்கும் நிலைத்துவிட்டமையால், அவற்றை மகிழுந்து வகைக்கு ஆளுதல் குழப்பம் தரும். ஆகவே, மகிழுந்து என்பதையே நிலைச்சொல்லாகக் கொண்டு அளவுச்சொல்லை முன்னே சேர்த்தல் தகும்.

3400 மில்லிமீட்டர் வரை குறுமகிழுந்து. 4000 வரை சிறுமகிழுந்து. 4500 வரை இடைமகிழுந்து. 4700 வரை நெடுமகிழுந்து. 5000 வரை பெருமகிழுந்து. அதற்கு மேல் மீப்பெருமகிழுந்து. குறுமை, சிறுமை, இடைமை, நெடுமை, பெருமை ஆகியன யாவும் அளவே. செல்வச் செருக்கின் பெயர் ஒன்றும் இல்லை. பள்ளிச் சிறுவனும் கேட்ட அளவில் வரிசையறிவான். தரை உயர்ந்த வண்டியை உயர்தளமகிழுந்து என்றால், அதன் இலக்கணம் 170 மில்லிமீட்டர் என்பது பெயரிலேயே தோன்றும்.

இது புதிதன்று. நீர்நிலையை அளவும் பயனும் நோக்கிக் குட்டை, குளம், ஊருணி, ஏரி, கண்மாய் என்று பிரித்தறிந்த மொழி தமிழ். மிதப்பனவற்றைப் புணை, கட்டுமரம், பரிசல், ஓடம், தோணி, கப்பல் என்று பகுத்த மொழி தமிழ். விலங்கின் இளமைக்கும் பறவையின் இளமைக்கும் தனித்தனிப் பெயர் கூறி மரபியலில் வரம்பு கட்டிய மொழி தமிழ். அம்மொழி ஆறுவகை மகிழுந்துக்குப் பெயரின்றி அயல்மொழி வாயிலில் நிற்க வேண்டியதில்லை.

செய்யத் தக்கன

ஒன்று: ஊர்தி கற்பிக்கும் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழிற் கல்லூரிகளிலும் இவ்வகைப்பெயர்கள் எண்ணளவோடு தமிழில் கற்பிக்கப்படல் வேண்டும். இரண்டு: ஊர்திப் பதிவுச் சான்றிலும் விலைப்பட்டியலிலும் தமிழ் வகைப்பெயர் இடம்பெறல் வேண்டும். தமிழ்நாட்டரசு தண்டும் வாழ்நாள் வரி விலையை அளவாகக் கொண்டது. ஊர்திமேல் வரி விதிக்கும் அவ்வுரிமையேனும் இன்றும் மாநிலத்தின் கையில் உள்ளது. அதன் படிவங்களில் தமிழைக் கொணரத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. மூன்று: மகிழுந்தின் அளவுக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் அதனை ஆக்கும் மாநிலத்துக்கு அதன் உழைப்புக்கேற்ற உரிமை வேண்டும்.

மறைமலைநகர் என்னும் பெயரை மீண்டும் எண்ணிப் பார்க்க. 1916 இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, தம் பெயரையே தூய தமிழாக்கிக் கொண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. அவ்வூரில் தமிழர் ஆக்கிய மகிழுந்தின் நீளம் தில்லியின் கோட்டால் முடிவாயிற்று. அதன் வகை ஆங்கிலச் சொல்லால் வழங்கிற்று. அடிகளார் பெயரை ஊருக்கு இட்டது பெருமை. அவர் கொள்கையைத் தொழிலகத்துக்குள் கொண்டு செல்வதே கடமை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மாலைப் பணி முடிந்து வெளிவரும் இளைஞன், தான் முடுக்கிய திருகாணி எந்த வகை மகிழுந்தினது என்று தன் தாய்க்குத் தாய்மொழியில் சொல்லக்கூடிய நாள் வர வேண்டும். அந்நாளை வருவிப்பது தமிழியக்கத்தார் பொறுப்பு.

கோல் தமிழர் கைக்கு வருக! பெயர் தமிழாகுக!